பகலில் பயம் வேண்டாம்

பின்பக்கக் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சங்கரா மீனுக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள் பூங்காவனம். மார்கழி மாதம். அரையாண்டுப் பரீட்சை லீவு என்பதால் நான் வீட்டில் இருந்தேன். காலை பத்தேகால் மணி இருக்கும். வாழை இலையில் பனி காய்ந்தும் காயாமலும் இருந்தது.

"வர்ற வழியில ஒண்ணு புடிச்சிடுச்சு டீச்சர்" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"எது புடிச்சுது?"

"இன்னாவோ ஒரு பாம்பு. ஏரிக்கரையாண்ட. பகல்ல வர்ற ஜாதிதானே, ஒண்ணும் பண்ணாதுன்னு சுண்ணாம்பு தடவிக்கினு வந்துட்டேன்."

என் கையில் மஞ்சள்தூள் டப்பா இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. புடவையை விலக்கிக் காலைப் பார்த்தேன். குதிகாலுக்கு மேலே சுண்ணாம்பு வெள்ளையாக அப்பியிருந்தது. அதன் நடுவே இரண்டு இடத்தில் ரத்தம் மெல்லியதாகக் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது. கணுக்கால் வீங்கி, ரப்பர் செருப்பின் வார் சதைக்குள் புதைந்து கிடந்தது.

"எப்ப கடிச்சுது அக்கா?"

"பாய் வூட்டுக்குப் போறதுக்கு மின்னாடி. அவங்களுக்கு நெத்திலி ஆஞ்சி குட்த்துட்டுதான் இங்க வர்றேன். ஒரு மணி நேரம் ஆயிருக்கும்."

"ஒரு மணி நேரமா! வலிக்கலையா?"

"எரியுது. கெளுத்தி முள்ளு குத்துனா இத்தவிட எரியும். அதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கா போறோம்?"

"பாக்க எப்படி இருந்துச்சு?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "தடியா, குட்டையா. முதுவுல சங்கிலி போட்டாப்ல வட்டம் வட்டமா. குக்கர் மாதிரி உஸ்ஸுன்னு ஒரு சத்தம். நான் பயப்படல டீச்சர். பகல்ல வர்றதுக்கு விஷம் இல்லன்னு நீதான் போர்டுல எழுதி வெச்சிக்கிறியே."

அது கண்ணாடி விரியன்.

தள்ளிப்போட்ட அத்தியாயம்

இந்தத் தொடரில் ஊரப்பாக்கத்துக்குக் குடிவந்த கதையை எழுதியபோது தண்ணீர் லாரி, மின்கம்பம், சேறு எல்லாவற்றையும் எழுதினேன். பாம்பை எழுதவில்லை. "உங்களை அங்கே பாம்பு டீச்சர் என்று கூப்பிடுவார்களே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று பழைய பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். மறந்துபோய் விடவில்லை. வாரா வாரம் பேனாவை எடுப்பேன், வேறு எதையாவது எழுதி அனுப்பிவிடுவேன். வாங்கி வைத்த கசாயத்தை எத்தனை நாள்தான் மூடியே வைத்திருப்பது?

நான் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் பாடம் நடத்தியவள். நகர் என்று பெயர் வைத்த எங்கள் மனைப்பிரிவில் அப்போது ஒன்பது வீடுகள். மீதியெல்லாம் கல் நட்ட மனைகள், வேலிக்காத்தான் முள், கோரைப்புல். ஏரியின் வயிற்றிலேயே ஒரு பகுதியைத் தூர்த்துத்தான் மனை போட்டிருந்தார்கள் என்பது பத்திரம் பதிந்து, கிரகப்பிரவேசம் முடிந்து, முதல் மழை வந்தபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பாம்புகளுக்கு அது முன்பே தெரியும். அவை எங்கும் போகவில்லை. நாங்கள்தான் அவற்றின் வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பியிருந்தோம்.

குளியலறையில் பாம்பு. மோட்டார் ரூமில் பாம்பு. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் பாம்பு. நலச் சங்கக் கூட்டம் என்றால் ரோடு, தெருவிளக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதே பேச்சு. கூட்டம் நடப்பது விளக்கு வைத்த பிறகு என்பதால், பொம்பளைகள் யாரும் பாம்பு என்ற சொல்லை வாயால் சொல்ல மாட்டார்கள். "பூச்சி" என்பார்கள். சொன்னால் வந்துவிடுமாம். சொல்லாமலே வந்துகொண்டிருந்தது, அது வேறு விஷயம்.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. எது விஷம், எது எப்ப வரும்னு ஒரு சார்ட் எழுதிக் குடுங்களேன்" என்றார் செயலாளர்.

ரயிலுக்கு நேரம், பாம்புக்கு நேரம்

என் கணவர் தினமும் ஊரப்பாக்கத்திலிருந்து பீச் வரை ரயிலில் போய்வருகிறவர். சட்டைப்பையில் எப்போதும் மின்சார ரயிலின் டைம் டேபிள் நான்காக மடித்து இருக்கும். தாம்பரத்தைத் தாண்டி வந்து குடியேறிய எங்களுக்கெல்லாம் வாழ்க்கையே அந்தத் தாள்தான். எட்டு பத்தை விட்டால் எட்டு முப்பத்தைந்து. அது தெரிந்தால் போதும், பயமில்லை.

அதைப் பார்த்துத்தான் அந்தக் கோடுகளும் கட்டங்களும் எனக்குத் தோன்றின. வெள்ளை அட்டையில் ஸ்கேல் வைத்து வரைந்தேன். சாரைப் பாம்பு, பகல், விஷமில்லை. பச்சைப் பாம்பு, பகல், பயமில்லை. தண்ணீர்ப் பாம்பு, எந்நேரமும், சாது. நல்ல பாம்பு, விடியலும் அந்தியும். கட்டுவிரியன், இரவு பத்து முதல் நான்கு. கண்ணாடி விரியன், நன்றாக இருட்டிய பிறகு. அடியில் சிவப்பு மையில், கொட்டை எழுத்தில் எழுதினேன்: பகலில் பயம் வேண்டாம்.

எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! செயலாளர் அதைத் தாம்பரம் கொண்டுபோய் லேமினேட் செய்து, நகரின் நுழைவாயிலில் இருந்த தகவல் பலகையில் திருகாணி போட்டு முடுக்கினார். ஆண்டுக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பதினெட்டு வருஷம் பாடம் நடத்தியதற்குக் கிடைக்காத கைதட்டல் ஓர் அட்டைக்குக் கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பூங்காவனம் கோவளத்துப் பக்கத்துக் குப்பத்துக்காரி. ஐம்பதைத் தாண்டியவள். விடியற்காலை கரைக்கு வரும் மீனை அன்னக்கூடையில் போட்டுக்கொண்டு, பஸ் மாறி பஸ் மாறி, ஜி.எஸ்.டி. ரோட்டில் வந்து இறங்குவாள். மீன் நாற்றம் என்று சில நாள் கண்டக்டர் ஏற்றமாட்டார், ஷேர் ஆட்டோவில் வருவாள். அங்கிருந்து எங்கள் நகருக்கு ஏரிக்கரை வழியாக வந்தால் கால் மணி நேரம். அவளோ ஊரைச் சுற்றிக்கொண்டு தார்ரோட்டு வழியாக முக்கால் மணி நேரம் நடந்து வருவாள். கடலுக்குப் பயப்படாதவள், பாம்புக்குப் பயந்தாள்.

அந்த முக்கால் மணி நேரத்தில் வெயில் ஏறிவிடும், மீன் குழைந்துவிடும். "என்னக்கா, இன்னிக்கும் மீன் கண்ணு செவந்திருக்கு" என்று நான் குறை சொல்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கையோடு அந்தப் பலகைக்கு அழைத்துப்போனேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படித்துக் காட்டினேன்.

"அப்ப வெயில் வந்தப்பறம் வர்றதெல்லாம் சும்மா பாம்பா?"

"ஆமாக்கா. பகல்ல தைரியமா வாங்க. நான் சொல்றேன்ல?"

"நீ சொன்னா சரிதான் டீச்சர்."

அடுத்த வாரத்திலிருந்து ஏரிக்கரை வழியாக வந்தாள். மீன் கண்ணாடி மாதிரி வந்தது. போகும்போது எப்போதும்போல, "தூக்கி வுடு டீச்சர்" என்பாள். தலைச்சுமைக்காரிக்குக் கூடையைத் தலைக்கு ஏற்ற இன்னொரு ஆள் கை வேண்டும். எந்த வீட்டில் கடைசியாக மீன் கொடுக்கிறாளோ, அந்த வீட்டுக்காரிதான் தூக்கிவிட வேண்டும். அது எழுதாத சட்டம். நான் ஒரு பக்கம் பிடிப்பேன், அவள் மூச்சை இழுத்து ஒரு ஏத்து ஏத்துவாள். சும்மாட்டில் கூடை உட்கார்ந்ததும், "வரட்டா" என்று கிளம்பிவிடுவாள்.

கன்னியப்பன் சிரித்தது

இதோடு முடிந்திருந்தால் தெரியாமல் செய்த பிழை என்று என்னை நானே மன்னித்துக்கொண்டிருப்பேன். அப்படி முடியவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் பேய் மழை. மழை விட்ட வாரம் எங்கள் வீட்டுத் தண்ணீர் சம்ப்புக்குள் ஒரு நல்ல பாம்பு விழுந்துவிட்டது. பிடிப்பதற்குக் கன்னியப்பனை அழைத்து வந்தார்கள். பாம்பு பிடிப்பதே தொழிலாகக் கொண்ட இருளர். ஒல்லியான மனிதர். பாம்பைத் துணிப்பையில் போட்டுக் கட்டிவிட்டு, போகிற வழியில் பலகையைப் பார்த்து, அது என்ன என்று கேட்டார். பெருமையாகப் படித்துக் காட்டினேன். மெல்லச் சிரித்தார்.

"ஏம்பா சிரிக்கிற?"

"ஒண்ணுமில்லம்மா. பனிக்காலத்துல கண்ணாடி பகல்லதாம்மா வெளிய கெடக்கும். ராத்திரி பூரா குளிர்ல வெறைச்சுப் போயி, வெயிலு காய வரும். இந்த மழையில வேற வளையெல்லாம் தண்ணி. இனிமே எதுக்கும் நேரம் காலம் கெடையாது."

"புஸ்தகத்துல அப்படி இல்லையேப்பா."

"அப்படீங்களா" என்றார் மரியாதையாக. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, அவர் சொன்னதுதான் சரியென்று. ஊர்வன எல்லாம் குளிர் ரத்தப் பிராணிகள், உடம்புச் சூட்டுக்கு வெயிலை நம்பி இருப்பவை என்று ஒன்பதாம் வகுப்புக்கு வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான். என் புத்தகத்திலேயே அது இருந்தது. பாம்புக்குக் கடிகாரம் கிடையாது. குளிர்ந்தால் வெயிலுக்கு வரும், வெயில் கொளுத்தினால் இருட்டுக்கு ஒதுங்கும். இவ்வளவுதான் விஷயம்.

திருத்தியிருக்கலாம். லேமினேட் செய்த அட்டை, மேலே எழுத முடியாது. செயலாளரிடம் சொல்லிக் கழற்றி, புதிதாக எழுதி, மறுபடி மாட்ட வேண்டும். பொன்னாடை போர்த்தியவர்கள் முன்னால் போய்த் தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். பாம்பு பிடிக்கிறவர் சொல்லித்தான் டீச்சருக்குத் தெரிந்ததாம் என்று நாலு பேர் பேசுவார்கள். பொங்கல் லீவில் செய்துகொள்ளலாம் என்று விட்டேன்.

பூங்காவனத்திடம் வாயால் சொல்ல எந்த அட்டையும் வேண்டியிருக்கவில்லை. "அக்கா, பனிக்காலம் முடியற வரைக்கும் ரோட்டு வழியா வாங்க." இவ்வளவுதான். கார்த்திகை முழுக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் கூடையைத் தூக்கிவிட்டேன். சொல்லவில்லை. மீன் நன்றாக இருந்தது.

வார்டில் கேட்ட கேள்வி

மார்கழியில் எங்கள் நகரில் மற்ற வீடுகள் எதுவும் மீன் வாங்காது. விரதம். பாய் வீட்டுக்காகவும் எங்கள் வீட்டுக்காகவும்தான் அவள் அவ்வளவு தூரம் வந்தாள்.

ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் அவள் பல் ஈறிலிருந்து ரத்தம் வந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு, "வெத்தல கூட போடல, இன்னாது இது" என்றாள். எத்தனை மணிக்குக் கடித்தது என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். "உடனே வந்திருந்தா..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். அவர்கள் மேல் குறையே இல்லை. விஷம் முந்திக்கொண்டு சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பியபோது குழாயடியில் பாதி செதிள் எடுத்த மீனைப் பூனைகள் இழுத்துப் போட்டிருந்தன. அவள் அன்னக்கூடை கவிழ்ந்து கிடந்தது. கழுவி, மாடிப்படிக்கு அடியில் வைத்தேன்.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ போய்ப் பார்த்தேன். முகமெல்லாம் வீங்கி, ஆளே அடையாளம் தெரியவில்லை. கட்டிலுக்கு அருகே அவள் மகள் தேவி, இருபது வயதிருக்கும், ஒரு பிளாஸ்டிக் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். பூங்காவனம் என்னைப் பார்த்ததும் கையை ஆட்டி அருகில் கூப்பிட்டாள்.

"டீச்சர், நான் ஏரிக்கரையாண்ட வரச்சொல்ல மணி இன்னா இருந்திருக்கும்?"

"ஒம்பது இருக்கும் அக்கா."

"ஒம்பது இருக்காது. பனி அப்பிடியே மூடிக்கினு இருந்துச்சு. வெயிலே சரியா வர்ல. விடியறதுக்குள்ள வந்துட்டேன்போல." மூச்சு வாங்கியது. "அதான் ராவுல வர்ற பாம்பு நின்னுக்கினு இருந்திருக்கு. எனக்கு வாச்சா கீது, மணி பாக்க? நான்தான் நேரம் தப்பி வந்துட்டேன். அப்பிடித்தானே?"

தேவி என்னைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியும் பார்த்தாள்.

விடிவதற்குள் எந்தப் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்க முடியும்? எனக்குத் தெரியும், மணி ஒன்பது. பாய் வீட்டிலும் அதே நேரம்தான் சொன்னார்கள். உன்மேல் தப்பில்லை அக்கா, நேரமும் தப்பில்லை, நான் எழுதியதுதான் தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். அதைக் கேட்டுத் திட்டியிருப்பாள், மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். தன்மேல் பழியில்லாமல் போயிருப்பாள்.

"ஆமாக்கா" என்றேன். "பனியா இருந்துச்சில்ல."

"அதான் பாத்தேன்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு இறந்துபோனாள்.

திருகாணி

பொங்கல் லீவில் திருத்தலாம் என்று நினைத்திருந்தேன் அல்லவா, அதே லீவில் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனேன். செயலாளர் ஓடிவந்தார்.

"இருக்கட்டுமே டீச்சர். மனை பாக்க வர்றவங்க பகல்லதான் வர்றாங்க. அந்த அடி வரியைப் பாத்தா அவங்களுக்கு ஒரு தைரியம்."

நான்கு திருகாணியையும் கழற்றினேன். சூடு தண்ணீர் ஊற்றினாலும், கத்தரியால் வெட்டினாலும் அந்த அட்டை அவ்வளவு சுலபத்தில் நாசமாகவில்லை. நான் எழுதியதிலேயே அதுதான் கெட்டியாக நின்றது.

மாசியில் ஒரு ஞாயிறு. வாசலில், "மீனு டீச்சர்" என்று குரல். பூங்காவனத்தின் குரல் போலவே இருந்தது. தேவி நின்றுகொண்டிருந்தாள். தலையில் புதிய அன்னக்கூடை. தார்ரோட்டு வழியாக நடந்து வந்திருந்தாள், முகமெல்லாம் வியர்வை.

கூடையை இறக்க நான்தான் கை கொடுத்தேன். மீன் வாங்கினேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, "டீச்சர், அந்தப் பாம்பு டைம் எழுதினியே, அத்த எனக்கு ஒரு பேப்பர்ல எழுதிக் குடேன்" என்றாள். "போர்டுல காணோம். அம்மா சாவறப்ப கூட சொல்லிச்சு, டீச்சர் சொன்ன நேரத்துல போ, என்ன மாதிரி தப்பிப் போவாதன்னு. அம்மாக்குப் படிக்கத் தெரியாது. நான் எட்டாவது வரைக்கும் படிச்சிக்கிறேன்."

உள்ளே போய்ப் பாடக்குறிப்பு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். என்ன எழுதுவது? கட்டம் எதுவும் போடாமல் எழுதினேன்: "எந்தப் பாம்புக்கும் நேரம் கிடையாது. கண்ணாடி விரியன் குளிர்காலத்தில் பகலிலும் வரும். ஏரிக்கரை வழியாக வராதே."

தேவி தாளை வாங்கி, எழுத்துக்கூட்டி, உதடு அசையப் படித்தாள். இரண்டாவது வரிக்கு வந்ததும் நின்றாள். திரும்ப முதலிலிருந்து படித்தாள்.

"பகல்லயும் வருமா டீச்சர்?"

"வரும்மா."

"அப்ப எங்கம்மா நேரம் தப்பி வர்லியா?"

"இல்லம்மா. சரியான நேரத்துக்குத்தான் வந்தாங்க."

"இது உனக்கு மின்னாடியே தெரியுமா?"

இந்த முறை பொய் சொல்லவில்லை. அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, கேட்க வேண்டியவள் செத்துப்போன பிறகு சொன்ன உண்மை. "தெரியும்" என்றேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். முந்தானையைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்தாள். நான் வழக்கம்போலக் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடிக்கக் குனிந்தேன்.

"வுடு டீச்சர்" என்றாள்.

கூடையைத் தரையோடு இழுத்துக்கொண்டே போய், கேட்டுக்கு வெளியே எதிர் மனையில் படிபோல அடுக்கியிருந்த செங்கல்லின் மேல் ஒவ்வொரு வரிசையாக ஏற்றினாள். பிறகு அதற்கு அடியில் தலையைக் கொடுத்து, கால் நடுங்க நடுங்கத் தனியாகவே தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் கையில் மீன் சட்டியோடு வாசலில் நின்றேன். மணி பதினொன்று, நல்ல வெயில்.